ஸ்கூட்டர்ப் பயிற்சியின் வரலாறு

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் மாணவர் மனத்தில் தோன்றுவது இயல்பு. பாடநூல்களில் அவையே மிகுதி. ஆயினும் நாள்தோறும் நாம் கையாளும் எளிய பொருள்களுக்கும், நம் காதில் விழும் எளிய அறிவுரைகளுக்கும் வரலாறு உண்டு. "தலைக்கவசம் அணிந்துகொள்", "இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடி", "திரும்பும் பக்கத்தைப் பார்", "பகலிலும் விளக்கு எரியட்டும்" என்பன ஸ்கூட்டர் ஓட்டக் கற்போர் முதல் நாளிலேயே கேட்கும் சொற்கள். இவற்றை யாரோ சிலர் கண்டறிந்து, எண்ணிப் பார்த்து, எழுதி, வாதாடி நிலைநாட்டினார்கள். அவர்கள் கண்டறிவதற்கு முன்பு பல்லாயிரம் உயிர்கள் சாலைகளில் மடிந்தன. அந்த வரலாற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். நெடுங்காலம் பேருந்தே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த பின்னர், வீடு மாறிய காரணத்தால், ஸ்கூட்டர் ஓட்டக் கற்கவேண்டிய தேவை நேர்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு திடலில் நடைபெற்ற தொடக்கப் பயிற்சியில் சேர்ந்தேன். என்னோடு பயின்றவர்கள் பெரும்பாலும் மாணவ மாணவியர். அவர்களுள் ஓர் இளைஞர், "இதற்கெல்லாம் ஒரு வகுப்பு வேண்டுமா, ஐயா? எங்கள் அண்ணன் ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிடுவார். அம்மாதான் கேட்கவில்லை" என்றார். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் பெரும்பாலோர் அண்ணனிடமோ அப்பாவிடமோ நண்பனிடமோதான் கற்கிறார்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, பள்ளிக்கூடத் திடலில் நான்கு சுற்று வந்தால் ஓட்டத் தெரிந்துவிட்டதாகக் கருதுகிறோம். அண்ணன் கற்றுக்கொடுப்பதில் இல்லாத எது வகுப்பில் இருக்கிறது? வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அக்கேள்விக்கு விடை காணும் ஆவல் பிறந்தது.

முதலில் வண்டியின் கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி நாடு பாழடைந்து கிடந்தது. பொன்தெதேரா என்னும் ஊரில் விமானங்கள் செய்துவந்த பியாஜியோ தொழிற்சாலை குண்டுவீச்சில் இடிந்துபோயிற்று. உடைந்த சாலைகளில், கையில் பணம் இல்லாத மக்கள், ஆணும் பெண்ணும் எளிதாக ஏறிச் செல்லத்தக்க ஒரு வண்டியைச் செய்ய என்ரிகோ பியாஜியோ விரும்பினார். அப்பணியை அவர் கொராதினோ தாஸ்கானியோ என்ற பொறியியலாரிடம் ஒப்படைத்தார். தாஸ்கானியோ ஹெலிகாப்டர் ஆய்வில் பெயர் பெற்றவர். மோட்டார் சைக்கிளை அவர் விரும்பியதில்லை. அது உடையை அழுக்காக்குகிறது. காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றுவது தொல்லையாக இருக்கிறது என்பன அவர் கண்ட குறைகள். எனவே எஞ்சினை மூடி மறைத்தார். கால் வைக்கத் தட்டையான தளமும், முன்னே சேற்றைத் தடுக்கும் தகடும் அமைத்தார். விமானச் சக்கரத்தைப் போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கிய சிறு சக்கரங்களைப் பொருத்தினார். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. அதுவே வெஸ்பா. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குக் குளவி என்று பொருள். அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்னொசெந்தி தொழிற்சாலையிலிருந்து லாம்ப்ரெட்டா வெளிவந்தது.

மாணவர்கள் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். ஸ்கூட்டர் பிறந்ததே, பழகாதவரும் அஞ்சாமல் ஏறவேண்டும் என்ற நோக்கத்தில்தான். அதன் வெற்றிக்கு அதுவே காரணம். அதன் ஆபத்துக்கும் அதுவே காரணமாயிற்று. மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஓர் அச்சம் தோன்றும். ஸ்கூட்டரைக் கண்டால் தோன்றாது. 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' என்ற திரைப்படத்தில், ஓட்டத் தெரியாத இளவரசி ஒருத்தி வெஸ்பாவைப் பிடித்துக்கொண்டு ரோம் நகரத் தெருக்களைக் கலக்குவாள். உலகமே அதைக் கண்டு சிரித்தது. 1956ஆம் ஆண்டில் பத்து லட்சமாவது வெஸ்பா தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. ஆனால் அந்தச் சிறு சக்கரங்களும், மெல்லிய உருவமும், தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத அமைப்பும் பெருவண்டிகள் ஓடும் சாலையில் என்ன ஆகும் என்பதை அன்று பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தியாவில் 1950களில் பம்பாயில் லாம்ப்ரெட்டா வண்டிகள் பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்திலிருந்து பூனாவில் பஜாஜ் நிறுவனம் வெஸ்பாவைச் செய்யத் தொடங்கியது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஸ்கூட்டர் பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1972ஆம் ஆண்டு வந்த பஜாஜ் சேதக் நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாயிற்று. முன்னே நிற்கும் ஒரு குழந்தை, ஓட்டும் தந்தை, நடுவே ஒரு குழந்தை, பின்னே ஒருக்களித்து அமர்ந்த தாய் என்ற காட்சி நகரங்கள் எங்கும் காணப்பட்டது. 1980களில் கியர் மாற்ற வேண்டாத கைனடிக் ஹோண்டா வந்தது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் இயங்கும். கைப்பிடியைத் திருகினால் வண்டி ஓடும். நம் பெண்கள் பலருக்குச் சாலையைத் திறந்துவிட்டது இவ்வகை வண்டியே. ஏறுவது இவ்வாறு எளிதாக எளிதாக, கற்கவேண்டியது ஏதோ உண்டு என்ற எண்ணமே குறைந்துகொண்டு வந்தது.

இனிப் பயிற்சியின் பாடங்களுக்கு வருவோம். முதற் பாடம் தலைக்கவசம். பந்தய ஓட்டிகள் முன்பே ஒருவகைக் கவசம் அணிந்ததுண்டு. எனினும் சாதாரண மனிதன் சாலையில் அதை அணியவேண்டும் என்ற கருத்துக்கு ஒரு புகழ்பெற்ற மரணம் வித்திட்டது. முதல் உலகப் போரில் அரபு நாட்டுப் போர்களால் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிர்பாராமல் தென்பட்ட இரு சைக்கிள் சிறுவர்களைத் தவிர்க்க முயன்றபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே, மே 19ஆம் நாள் உயிர் துறந்தார். அவருக்கு வயது 46. அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹியூ கெர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர்.

கெர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டதும், படையில் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் போர்க்களத்துக்குச் செல்லாமலே சாலை விபத்துகளில் இறப்பதைக் கண்டார். இருளடைப்புக் காலத்தில் விளக்கின்றி வண்டி ஓடிய நாட்கள் அவை. 1941ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னால் அமர்ந்து சென்றவருமாக 2279 பேர் மாண்டிருந்தனர். மிகப் பெரும்பாலோரின் உயிரைக் கொண்டது தலைக்காயம். கவசம் அணிந்திருந்து விபத்தில் சிக்கியவர்களாக அவர் கண்டது ஏழு பேரை மட்டுமே. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர். ஏழு என்பது சிறிய எண்; அறிவியல் முடிவுக்கு அது போதாது என்று ஒருவர் சொல்லலாம். கெர்ன்ஸ் அதை அறிந்தே இருந்தார். 1941 நவம்பரில் படைவீரர்கள் பணியின்போது கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் மாதந்தோறும் இறந்தவர் தொகையைக் கணக்கிட்டு, அது குறைந்து வந்ததை 1946ஆம் ஆண்டு மற்றொரு கட்டுரையில் காட்டினார். 1952ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பிரிட்டனில் எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற சட்டம் 1973ஆம் ஆண்டில்தான் வந்தது. ஓர் உண்மை கண்டறியப்பட்டதற்கும் அது சட்டமானதற்கும் இடையே 32 ஆண்டுகள் சென்றுவிட்டன.

கவசம் எவ்வாறு காக்கிறது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வண்டி நின்றாலும் தலை முன்னே செல்கிறது. தலை தரையில் மோதி நின்றாலும், மண்டைக்குள் இருக்கும் மூளை தொடர்ந்து செல்ல முயன்று எலும்பில் மோதுகிறது. கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்குகிறது. அது நசுங்க எடுத்துக்கொள்ளும் மிகச் சிறு நேரத்தில் தலை சற்று மெதுவாக நிற்கிறது. நசுங்கும் உட்புறம் கொண்ட இவ்வகைக் கவசத்துக்கு 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லம்பார்டு காப்புரிமை பெற்றார். ஒரு முறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாகத் தோன்றினாலும் பயனற்றது. தாடைப் பட்டையைப் பூட்டாத கவசமோ மோதுவதற்கு முன்பே பறந்துவிடும். உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டு வெளிவந்த மதிப்பீடு ஒன்று, கவசம் இறப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கூறுகிறது.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் சட்டம் ஏட்டளவில் நின்ற காலம் நீண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் அது கண்டிப்பாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இந்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். கவசம் அணியாத நிலையில் இறந்தவர் மட்டும் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கெர்ன்ஸ் எழுதி எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எடுத்த கணக்கு இது.

இரண்டாவது பாடம் பிரேக்கைப் பற்றியது. அதன் வரலாறு நம்மை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அழைத்துச் செல்கிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹாரி ஹர்ட், 1976, 1977ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். விபத்து நடந்த இடங்களுக்கே அவருடைய குழுவினர் சென்றார்கள். தேய்ந்த டயரின் தடத்தை அளந்தார்கள், உடைந்த கவசங்களை ஆராய்ந்தார்கள், பிழைத்தவர்களிடம் பேசினார்கள். இவ்வாறு 900க்கும் மேற்பட்ட விபத்துகளை நேரில் ஆராய்ந்து, அவற்றோடு 3600 காவல்துறை அறிக்கைகளையும் படித்து, 1981ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் தொடக்கப் பயிற்சிகளில் சொல்லப்படும் பாடங்களுள் பல இந்த அறிக்கையின் முடிவுகளோடு நெருங்கிய தொடர்புடையவை.

அண்ணனைப் பற்றிய கேள்விக்கும் அங்கே ஒரு விடை கிடைக்கிறது. விபத்தில் சிக்கிய ஓட்டிகளில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லாதவர்கள். விபத்துகள் நெடும்பயணத்தில் நேரவில்லை. கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் புறப்பட்ட சிறு பயணங்களில், புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நேர்ந்தன. வேகமும் நாம் எண்ணுவது போல் மிகுதி இல்லை. ஆபத்து தொடங்கும் முன் பாதிப் பேர் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டருக்கும் குறைவாகவே சென்றிருந்தனர். ஆபத்து தோன்றியது முதல் மோதல் வரை ஓட்டிக்குக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிகளுக்கும் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கும். அவ்வாறாயின் ஒருவன் சிந்தித்துச் செயல்பட 22 மீட்டர்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் சிந்தனை வேலை செய்யாது. பழக்கம்தான் வேலை செய்யும்.

அந்தப் பழக்கம் தவறாக இருந்ததை ஹர்ட் கண்டார். அஞ்சிய ஓட்டி பின் பிரேக்கை வெறியோடு அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டான். முன் பிரேக்கையோ போதிய அளவு பயன்படுத்தவில்லை. நம் வீடுகளிலும் "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்! ஓடும் பேருந்து திடீரென்று நிற்கும்போது உள்ளே நிற்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? அதுபோல வண்டி நிற்கத் தொடங்கியதும் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பாரம் குறைந்த பின் சக்கரம் தரையைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது. நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பெரியோர் சொல்லிலும் பாதி உண்மை உண்டு. மணலிலோ, வண்டி சாய்ந்து திரும்பும்போதோ முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி வழுக்கும். ஆகவேதான் வண்டியை நேராக்கி, இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்தவேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார். இதைக் காதால் கேட்டால் போதாது. திடலில் இருபது முப்பது முறை செய்த பின்னரே கைக்கு வருகிறது.

மூன்றாவது பாடம் திருப்பம். ஹர்ட் ஆராய்ந்த ஓட்டிகளிடம் விலகித் தப்பும் திறன் ஏறக்குறைய இல்லவே இல்லை. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் தொழில் செய்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுள் வில்பர், இடப்பக்கம் எவ்வாறு திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டும் பலரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் முழு விடை சொல்லத் தெரியவில்லை. உண்மையில் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் ஒவ்வொருவரும் கைப்பிடியை ஒரு கணம் வலப்பக்கம் சற்றே திருப்புகிறார்கள். சக்கரம் அப்பால் நகர, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பின்னரே திரும்புகிறது. உடல் அறிந்த இந்த உண்மையை மனம் அறியாது. அச்சம் வந்ததும் மனம் உடலின் வேலையில் குறுக்கிடுகிறது; எதிரே நிற்கும் லாரியையே கண் வெறித்துப் பார்க்கிறது; கை அங்கேயே வண்டியைச் செலுத்துகிறது. "போக வேண்டிய இடத்தைப் பார்" என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். நம் ஊரில் உரிமத் தேர்வுக்கு எட்டுப் போடச் சொல்வதைக் கேலி செய்யாதவர் இல்லை. காலை ஊன்றாமல் எட்டுப் போடுவது மெதுவான வேகத்தில் நிலைகுலையாமல் வண்டியை ஆளும் திறமையைக் காட்டும். ஆனால் வேகத்தில் விலகித் தப்பும் திறமையை அது காட்டாது. எட்டுப் போட்டவர் எல்லாம் கற்றவர் என்று எண்ணுவது பிழை.

நான்காவது பாடம் காண்பதும் காணப்படுவதும். ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறொரு வாகனத்தோடு நேர்ந்த மோதல்கள். அவற்றுள் மூன்றில் இரண்டில், வழிவிடாமல் குறுக்கே வந்தது மற்ற வாகனமே. "நான் அவனைப் பார்க்கவே இல்லை" என்பதுதான் அந்த ஓட்டுநர்களின் விடை. அவர்கள் பொய் சொல்லவில்லை. காரையும் லாரியையும் தேடப் பழகிய கண், மெல்லிய ஈருருளை வண்டியைத் தவறவிடுகிறது. பகலிலும் விளக்கெரியச் செல்லும் வண்டி எளிதில் கண்ணுக்குப் புலப்படும் என்று ஹர்ட் எழுதினார். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் இயங்கியதும் முன்விளக்கு தானே எரிகிறது. பகலில் விளக்கெரிவதைக் கண்டு "விளக்கு எரிகிறது" என்று கைகாட்டி எச்சரிக்கும் நல்லவர்களை இன்றும் சாலையில் காண்கிறோம். அவ்வாறே 2019 ஏப்ரல் முதல், சிறு வண்டிகளில் ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் நிற்கும் இணைப்புப் பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கோ கட்டாயமாயின. மனிதனுக்குக் கற்பிக்க இயலாததைச் சட்டம் இயந்திரத்துக்குக் கற்பித்துவிட்டது என்றே நான் இதைக் கொள்கிறேன்.

பிற நாட்டார் கண்டவற்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நம் நாட்டுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். ஒருக்களித்து அமரும் பெண்களின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கும் துன்பம் மேல்நாட்டு வடிவமைப்பாளர் அறியாதது. அதனால் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பின்னால் இருப்பவர் பற்றிக்கொள்ளப் பிடியும், கால் வைக்கப் படியும் இருக்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. துப்பட்டாவை இறுக முடிந்துகொள்ளும்படி எங்கள் வகுப்பு மாணவியரிடம் நாள்தோறும் சொல்லப்பட்டது. அழகுக்கென்று அந்தக் கம்பிக் காப்பைக் கழற்றிவிடும் இளைஞர்கள் அது எதற்காக வைக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இப்பாடங்களையெல்லாம் தொகுத்துத் தொடக்கநிலையினருக்குக் கற்பிக்கும் முறை எப்போது தோன்றியது? பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு 1935ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் கட்டாயமாயிற்று. லாரன்ஸ் இறந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. பழகுநர் வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தைப் பொருத்தும் வழக்கமும் அவ்வாண்டில் வந்ததே. நம் நாட்டுப் பழகுநர் இன்றும் அதே சிவப்பு எழுத்தைத் தாங்கிச் செல்கிறார். ஆனால் தேர்வு வேறு, பயிற்சி வேறு. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம் ஏற்பட்டு, மூடிய திடலில் சிறு வண்டிகளைக் கொடுத்துப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடத்திட்டங்களை வகுத்தது. பிரிட்டனில் 1990 டிசம்பர் 1 முதல் கட்டாய அடிப்படைப் பயிற்சி வந்தது. ஸ்கூட்டராயினும், அப்பயிற்சியை முடித்துச் சான்று பெறாமல் புதியவர் சாலையில் ஏற இயலாது. அதன் இறுதிப் பகுதி, பயிற்சியாளர் பின்தொடர, குறைந்தது இரண்டு மணி நேரம் உண்மையான சாலையில் ஓட்டுவதாகும். நம் சட்டப்படி பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழித்தே தேர்வுக்குச் செல்லலாம். பயிற்றுவிப்பவரைத் தவிர வேறு எவரையும் பழகுநர் பின்னால் ஏற்றக்கூடாது. அந்த 30 நாட்கள் கற்பதற்கென்று தரப்பட்டவை. அவற்றை வெறுமனே காத்திருந்து கழிப்போரே மிகுதி.

பயிற்சி பெற்றால் விபத்து வாராது என்று நான் சொன்னால் அது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. பயிற்சி பெற்றவர் விபத்தில் சிக்குவது குறைவு என்று ஹர்ட் எழுதினார். ஆனால் 2010ஆம் ஆண்டு 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள், அவற்றின் தரத்தை வைத்துப் பயிற்சியின் பயனை உறுதியாகக் கூற முடியாது என்றே முடித்தார்கள். இரண்டு நாட் பயிற்சி வண்டியை ஆளக் கற்பிக்கலாம். ஆசையை ஆளக் கற்பிப்பது எளிதன்று. கற்றுவிட்டோம் என்ற இறுமாப்புக் கற்காதவனின் அச்சத்தைவிடக் கொடியதாகவும் ஆகலாம். ஹர்ட் கண்ட மரணங்களில் ஏறக்குறைய பாதியில் மதுவின் தொடர்பு இருந்தது. எந்தப் பயிற்சித் திடலிலும் அதற்கு மருந்து இல்லை.

பின் பயிற்சியால் கிடைப்பது என்ன? நம் இயல்பான உணர்ச்சி சாலையில் நம்மைத் தவறாக நடத்தும் என்னும் அறிவே முதற் பயன் என்பேன். அஞ்சும்போது கை பின் பிரேக்கைத் தேடும். கண் ஆபத்தையே வெறிக்கும். அருகில்தானே கடை என்று மனம் கவசத்தை வீட்டில் வைக்கச் சொல்லும். இவை கோழைத்தனமும் அல்ல, அறியாமையும் அல்ல, மனித இயல்பு. அண்ணனுக்கும் அதே இயல்புதான். அவர் தம் அனுபவத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அந்த அனுபவத்தில் உயிர் பிழைத்தவரின் கதை மட்டுமே இருக்கிறது. முறையான பயிற்சியோ இறந்தவர்களின் அனுபவத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது. கெர்ன்ஸ் எண்ணிய 2279 பேரும், லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் அளக்கப்பட்ட சக்கரத் தடங்களும் அதற்குள் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் பதினெட்டு வயதை எட்டும் நாளுக்காகக் காத்திருப்பீர்கள். அந்த வயது வரும் வரை காத்திருங்கள். உரிமமில்லாத சிறுவர் வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால் பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் தண்டிக்க 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. வயது வந்த பின், அறிந்த ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அருகில் பயிற்சி வகுப்பு இல்லையாயின், வாகனம் இல்லாத ஒரு திடலில், நேராகச் சென்று இரு பிரேக்குகளையும் பிடித்து நிறுத்துவதை நாள்தோறும் செய்து பழகுங்கள். பின்னால் அமரும் தம்பி தங்கையருக்கும் அளவான கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். புறப்படும் முன் தாடைப் பட்டை பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டு வினாடி போதும்.